மார்கழி, தை மாதங்களில் தூரச் சைக்கிள் பயணம்: எதை உண்பது, எப்போது குடிப்பது?

மார்கழியும் தையும் யாழ்ப்பாணத்தில் தூரச் சைக்கிள் பயணத்துக்கு உகந்த மாதங்கள். மழை ஓய்ந்த நாட்களில் விடிகாலை வெப்பநிலை 22, 23 பாகை செல்சியஸ் வரை இறங்கும். வெயிலும் சித்திரை வெயிலைப் போல மண்டையைப் பிளக்காது. ஆனால் புதியவர்களை ஏமாற்றுவதும் இந்தக் குளிர்மைதான். வாடைக்காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால் வியர்த்ததே தெரியாது. தாகமும் எடுக்காது. தாகம் எடுத்தால் குடிப்போம், பசித்தால் உண்போம் என்று புறப்படுபவருக்குப் பருத்தித்துறை வழியில் உள்ள வல்லை வெளியில் கால் ஓய்ந்துவிடும்.

ஆகவே இந்த மாதங்களில் தாகத்தையும் பசியையும் நம்பியிருக்காதீர்கள். கடந்துபோகும் ஊர்களைக் கணக்கு வைத்து உண்ணுங்கள், குடியுங்கள். யாழ் நகரிலிருந்து பருத்தித்துறைக்குப் போய்வரும் பயணத்தை வைத்தே விளக்குகிறேன். ஒரு வழித் தூரம் ஏறத்தாழ 33 கிலோமீற்றர். புதியவருக்கு ஓய்வுகளோடு போய்வர நான்கைந்து மணித்தியாலமாவது பிடிக்கும்.

படி 1: முதல்நாள் இரவு

சோறோ புட்டோ இடியப்பமோ, வீட்டில் இருப்பதை வயிறாரச் சாப்பிடுங்கள். உண்ணும் காபோவைதரேற்றைத் தசைகளும் ஈரலும் கிளைக்கோஜனாகச் சேமித்து வைக்கின்றன. ஒருவரின் உடலில் பொதுவாக 400 முதல் 500 கிராம் வரை சேரும். விடாமல் வேகமாக மிதித்தால் ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்தில் அதில் பெரும்பகுதி கரைந்துவிடும். மிகுதித் தூரத்துக்கு வழியில் உண்பதுதான் கைகொடுக்கும். இரவில் கொத்துரொட்டி, பொரியல் என்று எண்ணெயை ஏற்றாதீர்கள்; காலையில் வயிறு மந்தமாக இருக்கும்.

படி 2: கொழுக்கட்டை

கடைகளில் விற்கும் விளையாட்டு வீரர்களுக்கான இனிப்புக் கட்டிகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. பயறும் பனங்கட்டியும் வைத்த கொழுக்கட்டை இந்தப் பயணத்துக்கு மிகப் பொருத்தமான உணவு என்பது என் உறுதியான கருத்து. அரிசிமாவும் பயறும் மெதுவாகச் சக்தி தரும், பனங்கட்டி விரைவாகத் தரும். ஈரப்பதன் இருப்பதால் வாய் காய்ந்திருக்கும்போதும் தொண்டையில் அடைக்காமல் இறங்கும்.

பயணத்துக்கென்று அவிக்கும்போது இரண்டு மாற்றங்கள் செய்யுங்கள். தேங்காய்ப்பூவை வழக்கத்தில் பாதியாகக் குறையுங்கள். கொழுப்புக் கூடினால் செரிக்க நேரமெடுக்கும், மிதிக்கும்போது வயிற்றைப் பிரட்டும். அளவையும் சிறிதாக்குங்கள், இரண்டு கடியில் முடிய வேண்டும். உள்ளீட்டில் ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்தால் சுவையும் எடுக்கும், வியர்வையில் போகும் உப்புக்கும் ஈடாகும். ஆறிய பிறகு, தணலில் வாட்டிய வாழையிலைத் துண்டுகளில் ஒவ்வொன்றாகச் சுற்றுங்கள். இலையின் ஓர் ஓரத்தைச் சற்று நீட்டி விட்டால் ஒரு கையாலேயே பிரிக்கலாம். தேங்காய் சேர்ந்த பண்டம் என்பதால் அன்று மத்தியானத்துக்குள் தின்று முடித்துவிட வேண்டும்.

அவிக்க நேரமில்லாதவர்கள் இதரை வாழைப்பழமும் பனங்கட்டியும் கொண்டுபோகலாம்.

படி 3: இரண்டு போத்தல்கள்

ஒன்றில் வெறும் தண்ணீர். மற்றதில் ஒரு லீற்றருக்குத் தேக்கரண்டியில் கால் பங்கு உப்பு, தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேசிக்காயின் சாறு என்ற கணக்கில் கலந்துகொள்ளுங்கள். வயிற்றோட்டத்துக்கு வீட்டில் கலக்கும் நீரில் இதைவிட இருமடங்கு உப்பு இருக்கும். பயணத்துக்கு அவ்வளவு தேவையில்லை.

தண்ணீரை வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணக்கல்லில் தேங்குவது. பல இடங்களில் உவர் ஏறியிருக்கும். தீவுப்பக்கம் போகிறவர்கள் பண்ணைப் பாலம் தாண்டுவதற்கு முன்பே நிரப்பிவிட வேண்டும். தீவகத்தில் குடிநீருக்கு அங்குள்ள மக்களே தட்டுப்பாடு படுகிறார்கள்.

படி 4: விடிகாலை

ஆறு மணிக்கு முன் புறப்படுவதென்றால் ஒரு வாழைப்பழமும் ஒரு கோப்பை இஞ்சித் தேநீரும் போதும். ஏழரை, எட்டுக்குத்தான் புறப்படுகிறீர்கள் என்றால், இரண்டு மணித்தியாலம் முன்னதாக இடியப்பமும் சொதியும் சாப்பிடுங்கள். உறைப்புக் குழம்பைத் தவிர்த்துவிடுங்கள். குனிந்து மிதிக்கும்போது நெஞ்செரிவு வந்தால் பயணமே கசந்துவிடும்.

படி 5: வழியில்

பொதுக் கணக்கு இதுதான்: மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ அரை லீற்றர் தண்ணீர், 30 முதல் 60 கிராம் காபோவைதரேற்று. நடுத்தர அளவுள்ள வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் அளவு இருக்கும். பனங்கட்டி கிட்டத்தட்ட முழுவதும் காபோவைதரேற்றுத்தான். புதியவர்கள் 30 கிராமில் தொடங்கி, வயிறு பழகப் பழகக் கூட்டலாம். நீரிழிவு உள்ளவர்கள் இந்தக் கணக்கை மருத்துவரோடு பேசித் தீர்மானிக்க வேண்டும்.

இருபாலை வந்ததும் இரண்டு மூன்று மிடறு குடியுங்கள், தாகம் இல்லாவிட்டாலும். கோப்பாயில் மறுபடி. நீர்வேலியில் முதல் கொழுக்கட்டை. வாழைத்தோட்டங்களுக்குப் பேர்போன ஊர் என்பதால், பழம் மறந்து வந்தவர்களும் இங்கே வாங்கிக்கொள்ளலாம். புத்தூரில் மறுபடி இரண்டு மிடறு.

ஆவரங்கால் தாண்டியதும் கட்டாயம் நில்லுங்கள். முன்னால் இருப்பது வல்லை வெளி. வீடில்லை, நிழலில்லை. மாரியில் காற்று வடகிழக்கிலிருந்து வீசுவதால், போகும்போது முகத்தில் அறையும். அந்த வெளியில் ஒரு கையை விட்டுப் பொதி பிரிப்பது ஆபத்து. மூச்சு வாங்கிக்கொண்டு விழுங்கினால் புரைக்கேறும். நின்று ஒரு கொழுக்கட்டை தின்று, உப்புத் தண்ணீரைச் சிறுகச் சிறுகக் குடித்து, ஐந்து நிமிடம் கழித்து ஏறுங்கள். வெளியில் உள்ள வல்லைப் பாலத்தைக் கடக்கும்போது அந்தச் சக்தி காலில் இருக்கும். வெளியைத் தாண்டி நெல்லியடியில் ஒரு வெறுந்தேநீர் குடிக்கலாம், பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு. இதைவிட நல்ல நிறுத்தம் இந்த வழியில் இல்லை.

பருத்தித்துறையில் வடையைக் கண்டு அங்கேயே ஒரு பொதியைத் தின்றுவிடாதீர்கள். அந்தத் தட்டை வடை எண்ணெயில் பொரித்தது, உலர்ந்தது, உறைப்பு. வாங்கிப் பையில் வையுங்கள். அங்கே இளநீர் குடிக்கலாம். அதில் பொட்டாசியம் நிறைய உண்டு, சோடியம் குறைவு. ஆகவே இளநீரை நம்பி உப்புத் தண்ணீரை விட்டுவிட வேண்டாம்.

திரும்பும்போது காற்று முதுகில் இருக்கும், சைக்கிள் தானாக ஓடும். அப்போதுதான் பலரும் குடிக்க மறப்பார்கள். அதே ஊர்கள், அதே கணக்கு. அதற்காகத் தண்ணீரை அளவுக்கு மீறி வார்க்கவும் கூடாது. உப்பில்லாத வெறும் தண்ணீரை லீற்றர் கணக்கில் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலையிடி, குமட்டல் வரும். முற்றினால் உயிருக்கே ஆபத்து.

படி 6: வீடு வந்தபின்

புறப்படுமுன்னும் வந்தபின்னும் நிறை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் போயிருக்கிறது. அதைச் சில மணித்தியாலங்களில், கொஞ்சம் கூடுதலாகவே, குடித்து ஈடுசெய்யுங்கள். சிறுநீர் கடும் மஞ்சளாக இருந்தால் இன்னும் போதவில்லை. சோறு, பருப்பு, மீன் அல்லது முட்டை என்று ஒரு நேரச் சாப்பாடு ஒரு மணித்தியாலத்துக்குள் கிடைத்தால் நல்லது. பனங்கிழங்கு மலியும் காலம்தான், ஆனால் நார் மிகுந்தது. அதைப் பின்னேரத்துக்கு வையுங்கள்.

உறைபனி நாடுகளில் உள்ள உறவுகளுக்கு

ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் இருந்து இதைப் படிப்பவர்களுக்குக் கணக்கு ஒன்றுதான், சிக்கல் வேறு. கடுங்குளிரில் தோலருகே உள்ள இரத்தக் குழாய்கள் சுருங்கி, இரத்தம் உடலின் உட்பகுதிக்குத் திரும்பும். நீர் போதுமென்று உடல் எண்ணித் தாகத்தைக் குறைக்கும், சிறுநீரைக் கூட்டும். போத்தலில் வெந்நீர் ஊற்றி, மேற்சட்டையின் உட்பையில் வையுங்கள். சைக்கிளில்தான் மாட்ட வேண்டுமென்றால் தலைகீழாக மாட்டுங்கள். பனிக்கட்டி மேற்பக்கம் முதலில் படிவதால் வாய்ப்பகுதி அடைபடாது. குளிரில் இறுகிப்போகும் இனிப்புக் கட்டிகளையும் உடலோடு ஒட்டிய பையில் வையுங்கள். உண்பதற்கு நிற்பதானால் காற்று மறைவில், ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். வியர்வையில் நனைந்த உள்ளாடையோடு அதற்கு மேல் நின்றால் உடல் மிக விரைவாகக் குளிர்ந்துவிடும்.