தனியாக இருக்கும் வாரத்துக்கு இரண்டு டம்ளர் மாவு

மனைவி ஊருக்குப் போயிருக்கும்போது பகல் எப்படியோ ஓடிவிடும். சாயங்காலம் 6 மணியிலிருந்து 9 மணி வரைதான் நகரவே நகராது. டிவியும் மொபைலும் அதற்கு உதவாது. கைக்கு வேலை வேண்டும், அதுவும் மறுநாள் பலன் தருகிற வேலை. எனக்கு மாவரைப்பது சரிப்பட்டது.

ஒரு ஆளுக்கு கிரைண்டர் வேண்டாம்; கொஞ்சம் உளுந்து கல்லில் சிக்காது. மிக்ஸி போதும். இட்லி அரிசி 2 டம்ளர், முழு வெள்ளை உளுந்து அரை டம்ளர், அதோடு வெந்தயம் அரை டீஸ்பூன். மதியம் 2 மணிக்கு அரிசியையும் உளுந்தையும் தனித்தனியாக ஊறப்போட்டால் 6 மணிக்கு அரைக்கலாம். மிக்ஸியில் காரியத்தைக் கெடுப்பது சூடுதான். ஜார் சூடானால் உளுந்து பொங்காது, இட்லி கல்லாகும். அதனால் ஃபிரிட்ஜ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, அரை நிமிடம் ஓட்டி, நிறுத்தி, ஓரத்தை வழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அரைத்த உளுந்தில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும், அதுதான் பதம். அரிசி சன்ன ரவையாக நின்றால் போதும்.

இரண்டு மாவையும் சேர்த்து, உப்பு போட்டுக் கையால் நன்றாகக் கரைத்து, பாதிக்கு மேல் நிரம்பாத பாத்திரத்தில் மூடி வையுங்கள். வெயில் காலத்தில் 8 மணி நேரத்தில் பொங்கிவிடும். மழைக்காலத்தில் 12 மணி நேரம்கூட ஆகும். பொங்கியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். முதல் இரண்டு நாள் இட்லி, பிறகு தோசை, புளிப்பு ஏறினால் வெங்காய ஊத்தப்பம்.