சின்ன ஸ்பீக்கரில் நல்ல பேஸ்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் பழுது பார்க்கும் கடை வைத்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது. மைக் செட்காரர்களின் ஹார்ன், திருவிழாப் பெட்டி, வீட்டு ஹோம் தியேட்டர் என்று எல்லாம் வரும். இப்போது அதிகம் வருவது புதிதாக புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், அதாவது அலமாரியில் வைக்கும் அளவுச் சின்னப் பெட்டி, வாங்கிய பையன்கள். இரண்டு பெட்டியையும் வண்டியில் முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டு வந்து இறங்குவார்கள். “அண்ணே, பேஸே வரல.” திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஸ்பீக்கரில் ஒரு குறையும் இருக்காது.

அவர்கள் செய்வதெல்லாம் நானும் செய்த தப்புகள்தான். அதே பள்ளத்தில் அடுத்த ஆளும் விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. சிவப்பு, கறுப்பு ஒயரை மாற்றிச் செருகுவது, வலது இடது குழப்புவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அதை ஐந்து நிமிடத்தில் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். பணத்தைத் தின்னும் தப்புகள் வேறு.

நாலு அங்குலத்திடம் ஆறரை அங்குல வேலையைக் கேட்பது

நாலுக்கும் ஆறரைக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் காற்றைத் தள்ளுவது கோனின், அதாவது முன்னால் தெரியும் கூம்பின், பரப்பு. அந்தக் கணக்கில் ஆறரை அங்குல வூஃபர் (பெட்டியில் பேஸ் ஒலிக்கும் பெரிய ஸ்பீக்கர்) நாலு அங்குலத்தைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். இன்னொன்றும் உண்டு. அதே சத்தத்தில் 80 ஹெர்ட்ஸிலிருந்து 40 ஹெர்ட்ஸுக்கு (எண் குறையக் குறைய பேஸ் ஆழமாகும்) இறங்க வேண்டுமென்றால், கோன் நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஓட வேண்டும். சின்னக் கோனுக்கு அவ்வளவு ஓட இடமே இருக்காது.

சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்டில் அதிகச் சத்தம். இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். ஹாஃப்மன் விதி என்று ஸ்பீக்கர் கட்டுகிறவர்கள் சொல்வது இதைத்தான். அமெரிக்காவில் 1957-இல் தொடங்கிய கேஎல்எச் நிறுவனத்தின் பெயரில் கடைசி எழுத்து இந்த ஹாஃப்மனுடையது. எந்தக் கம்பெனியாலும் இந்த விதியைத் தாண்ட முடியாது. விலை குறைந்த நல்ல ஸ்பீக்கர் சத்தத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து பேஸை வைத்துக்கொள்ளும். அதனால்தான் அதன் சென்சிடிவிட்டி, அதாவது ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு, 85, 86 டெசிபல் என்று இருக்கும். அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மேஜையில் கம்ப்யூட்டருக்கு இரண்டு பக்கமும் வைத்து மூன்றடி தூரத்தில் கேட்பதற்கு நாலு அங்குலம் தாராளமாகப் போதும். எடிஃபையர் ஆர்1280டி மாதிரி ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும் பெட்டிகள் அதற்காகச் செய்தவைதான். ஹாலில் குடும்பத்தோடு கேட்க வேண்டுமென்றால் ஐந்தேகாலுக்குக் கீழே போகாதீர்கள்.

பிஎம்பிஓ

அட்டைப்பெட்டியில் இந்த எழுத்துகள் இருந்தால் பக்கத்திலுள்ள ஊதிப்பெருக்கிய வாட் எண்ணைப் படிக்கவே வேண்டாம். ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரும் உண்மையான வாட், எவ்வளவு என்று கேளுங்கள்.

ஹெர்ட்ஸ் எண்ணை மட்டும் படிப்பது

‘45 ஹெர்ட்ஸ் முதல்’ என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. அந்த 45-இல் சத்தம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். 3 டெசிபல் குறைவு என்றால் நல்ல செய்தி. 10 டெசிபல் குறைவு என்றால் காதுக்குப் பாதிச் சத்தம்தான். இரண்டு ஸ்பீக்கரும் அட்டையில் ஒரே எண்ணைப் போடலாம். வீட்டில் ஒன்று பாடும், இன்னொன்று முனகும். எத்தனை டெசிபலுக்கு என்று சொல்லாத எண்ணை நான் கணக்கில் எடுப்பதில்லை.

பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ். அந்த அடிச்சுரம் பாதி குறைந்தாலும் அதன் மேல்சுரங்களை வைத்தே காது அதை நிரப்பிக்கொள்ளும். ஆகவே 55 ஹெர்ட்ஸ் வரை நேர்மையாக இறங்கும் ஒரு ஜோடி, சினிமாப் பாட்டுக்கும் கானாவுக்கும் மனநிறைவாகவே இருக்கும்.

கடையில் போடும் பாட்டைக் கேட்டு முடிவெடுப்பது

ரிச்சி தெருவில் பக்கத்துக் கடைச் சத்தம், ஆட்டோ ஹாரன் எல்லாவற்றுக்கும் நடுவே ஸ்பீக்கர் கேட்கிறோம். அங்கே எடுப்பாகத் தெரிவது எது? 100 ஹெர்ட்ஸ் பக்கம் தூக்கிவிடப்பட்ட பெட்டி. ‘தும் தும்’ என்று நெஞ்சில் இடிக்கும். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கேட்டால் எல்லாப் பாட்டிலும் அதே ஒரு ‘தும்’தான். ட்ரம்மும் தவிலும் ஒரே மாதிரி ஒலிக்கும்.

நீங்கள் நூறு தடவை கேட்ட பாட்டைக் கொண்டுபோங்கள். பேஸ் கிட்டார் படியேறி இறங்கும் பாட்டாக இருக்கட்டும். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, ஏறக்குறைய ஒரே அளவில் வருகிறதா என்று பாருங்கள். சத்தத்தைக் குறைத்தும் கேளுங்கள். குறைத்தவுடன் பேஸ் காணாமல் போகும் பெட்டி வீட்டுக்கு ஆகாது. நாம் பாதி நாள் இரவு பத்து மணிக்கு மேல்தான் கேட்கப்போகிறோம்.

பேஸ் வரவில்லை என்று ஆம்ப்ளிஃபையரை மாற்றுவது

எனக்கு இன்னும் ஆறாத தப்பு இதுதான்.

கடை ஆரம்பித்த புதிதில் தண்டையார்பேட்டையில் மாடியில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தேன். நீளம் பத்தடி, அகலமும் பத்தடி. ஒரு சுவரோடு பீரோ, இன்னொரு சுவரோடு கட்டில். பாட்டுக் கேட்க அறையின் நட்டநடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஐந்தேகால் அங்குல ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கியிருந்தேன். கடையில் கேட்டபோது நன்றாக இருந்தது. அறையில் வைத்தால் பேஸ் இல்லை. பாட்டு தகரம் மாதிரி இருந்தது.

ஆம்ப்ளிஃபையர் பத்தவில்லை என்று முடிவு கட்டினேன். சேனலுக்கு 30 வாட் இருந்ததை விற்று 50 வாங்கினேன். அதையும் நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டு 80 வாங்கினேன். நானே பழுது பார்க்கிற ஆள். கணக்குப் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். வாட் இரண்டு மடங்கானால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்குச் சத்தம் என்று தோன்ற சுமார் 10 டெசிபல் வேண்டும், அதற்கு வாட் பத்து மடங்காக வேண்டும். 30-லிருந்து 80-க்குப் போனதில் எனக்குக் கூடியது நாலு டெசிபல் சொச்சம். அதற்காக இரண்டு மாத வாடகைப் பணம் போனது.

அதோடும் விடவில்லை. பேஸ் குமிழைக் கடைசிவரை திருப்பிவைத்தேன். ஒரு நாள் வூஃபர் ‘டக், டக்’ என்று தட்ட ஆரம்பித்தது, பிறகு வார்னிஷ் தீய்ந்த வாசனை. வூஃபரின் காயில் (கோனை ஆட்டும் கம்பிச் சுருள்) கருகிவிட்டது.

இத்தனைக்கும் நடுவில் கீழ்வீட்டு அக்கா இரண்டு தடவை மேலே வந்து சொல்லிவிட்டுப் போனார். “தம்பி, எங்க சுவரெல்லாம் அதிருது. பாப்பா தூங்க மாட்டேங்குது.” என் நாற்காலியில் வராத பேஸ் அவர்கள் வீட்டுச் சுவரில் அதிர்கிறது என்றால் ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் வேலையை ஒழுங்காகச் செய்கின்றன என்றுதானே அர்த்தம்? அந்தப் பேச்சிலேயே விடை இருந்தது. எனக்குப் புரியவில்லை.

புரிந்தது ஃபேன் ரெகுலேட்டரால். காயில் மாற்றிய ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. ஃபேனைக் குறைக்க எழுந்து கதவோரம் போனேன். சுவரை நெருங்க நெருங்க பேஸ் வந்தது. கையை ரெகுலேட்டரில் வைத்தபோது வயிற்றில் இறங்கியது. திரும்பி நாற்காலிக்கு வந்தேன், போய்விட்டது. சுவர், நாற்காலி, சுவர், நாற்காலி என்று அந்தப் பாட்டு முடியும்வரை நடந்தேன்.

விஷயம் இதுதான். ஒரு சுவரில் பட்டுத் திரும்பும் பேஸ் அலையும், எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் அறைக்குள் மோதிக்கொள்கின்றன. ஒரு குறிப்பிட்ட ஹெர்ட்ஸில் சுவரோரம் இரண்டும் சேர்ந்து கூடும். நட்டநடுவில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். நம்ம ஊர் வெப்பத்துக்கு 570-ஐ அறையின் நீளத்தால், அடிக்கணக்கில், வகுத்தால் அந்த ஹெர்ட்ஸ் கிடைக்கும். பத்தடிக்கு 57. பன்னிரண்டு அடிக்கு ஏறக்குறைய 47. என் அறை சதுரம் என்பதால் நீளத்துக்கும் 57, அகலத்துக்கும் 57. ட்ரம்மின் அடியும் பேஸ் கிட்டாரின் கீழ்ச்சுரங்களும் வந்து விழும் இடம் அது. சரியாக அந்தக் குழியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் குழியை வாட்டால் நிரப்பவே முடியாது. நீங்கள் எவ்வளவு கூட்டிக் கொடுக்கிறீர்களோ, சுவரில் பட்டுத் திரும்பி வருவதும் அவ்வளவு கூடும். நடுவில் மறுபடி கழிந்துபோகும். கூடுவது கீழ்வீட்டில்தான்.

இதை எல்லோரிடமும் சொல்கிறேன். சொன்ன பிறகும் போன மாதம் கொருக்குப்பேட்டை யார்டு பக்கமிருந்து ஒரு பையன் இரண்டாவது ஆம்ப்ளிஃபையரோடு வந்து நிற்கிறான். கோபம்தான் வந்தது, அவன் மேல் இல்லை. ‘பவர் பத்தாது தம்பி’ என்று விற்றவர் மேல். அறை எவ்வளவு, எங்கே உட்காருகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவன் பணம் மிஞ்சியிருக்கும். சாயங்காலம் அவன் வீட்டுக்கே போனேன். கூட்ஸ் வண்டி போனால் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுக்கும் வீடு. அவன் அறைக்கும் கணக்கு அதே 57தான். போனில் கேட்ட ஹெர்ட்ஸில் ஒலி போடும் ஆப் ஒன்றை இறக்கி 57-ஐ ஓடவிட்டு, அவனை நடுவிலிருந்து சுவர்வரை நடக்கச் சொன்னேன். பாதி வழியிலேயே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் அம்மாவும் வந்து நடந்து பார்த்தார்.

கட்டிலைச் சுவர்ப் பக்கம் தள்ளி, தலை பின்சுவரிலிருந்து மூன்றரை, நாலடி தூரத்தில் வருமாறு உட்காரவைத்தோம். சுவரை ஒட்டியே உட்கார்ந்தால் பேஸ் கொழகொழவென்று பெருத்துவிடும். நடுவில் இல்லாமல், சுவரிலும் ஒட்டாமல் இருந்தால் சரியாக வரும். ஸ்பீக்கருக்கு இடம் தேடவும் ஒரு வழி உண்டு. நீங்கள் உட்காரும் இடத்தில் ஸ்பீக்கரை வைத்து, பேஸ் உள்ள பாட்டைப் போட்டுவிட்டு, ஸ்பீக்கர் வைக்க வாய்ப்புள்ள இடங்களில் காதைக் கொண்டுபோங்கள். எங்கே பேஸ் சீராகக் கேட்கிறதோ அங்கே ஸ்பீக்கரை வையுங்கள்.

அந்த இரண்டாவது ஆம்ப்ளிஃபையரைக் கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

பின்னால் ஓட்டையுள்ள பெட்டியை அலமாரியில் திணிப்பது

பெயர்தான் புக்‌ஷெல்ஃப். பெட்டியின் பின்பக்கம் காற்று போகும் போர்ட் இருந்தால், சுவரில் பதித்த சிமெண்ட் அலமாரிக்குள் வைக்கக் கூடாது. பேஸ் வீங்கி, பாடகர் குடத்துக்குள் தலைவிட்டுப் பாடுவது போலாகும். பின்னால் அரையடியிலிருந்து ஒரு அடி இடம் விடுங்கள். இடமே இல்லாத வீடு என்றால் முன்பக்கம் போர்ட் உள்ளதையோ, போர்ட்டே இல்லாத மூடிய பெட்டியையோ வாங்குங்கள். ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதா? போர்ட்டில் ஒரு பழைய சாக்ஸைச் சுருட்டி வைத்துப் பாருங்கள். பேஸ் கொஞ்சம் குறையும், ஆனால் தெளியும். பீரோ மேல் வைப்பவர்களுக்கு: பீரோவும் சேர்ந்து பாடும்.

விலை உயர்ந்த ஒயர்

பத்தடிக்கு, வீட்டு ஒயரிங்குக்குப் போடும் ஒன்றரை ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர் போதும்.

பழைய ஸ்பீக்கரை அழுத்திப் பார்க்காமல் வாங்குவது

செகண்ட்ஹேண்டில் நல்ல சரக்கு கிடைக்கும், நானே சொல்வேன். ஆனால் கோனைச் சுற்றியுள்ள விளிம்பு ஃபோமா, ரப்பரா என்று பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள். ஃபோம் ஈரக்காற்றில் மக்கும். காசிமேடு, ராயபுரம் பக்கக் கடற்காற்றில் சீக்கிரமே உதிரும். விரல் நுனியால் மெல்லத் தொடுங்கள். பிசுபிசுத்தாலோ பொடிந்தாலோ அந்த ஸ்பீக்கரில் பேஸ் இருக்காது. விளிம்பு மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள். ரப்பர் என்றால் கோனை இரண்டு கையாலும் சமமாக மெதுவாக உள்ளே அழுத்திப் பாருங்கள். கரகரவென்று உரசினால் காயில் போயிருக்கிறது.

ஸ்டாண்ட்

ஸ்பீக்கர் வாங்கிய காசோடு பட்ஜெட் முடிந்துவிடும், ஸ்டாண்ட் விலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். கடை ஸ்டாண்ட் வேண்டாம். பக்கத்து வெல்டிங் பட்டறையில் சதுர இரும்புக் குழாயில் செய்துகொள்ளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் ட்வீட்டர் (கீச்சொலிகளுக்கான சின்ன ஸ்பீக்கர்) காது மட்டத்துக்கு வர வேண்டும். பெரும்பாலும் இரண்டடி, இரண்டேகால் அடி உயரம் சரியாக இருக்கும். குழாய் மணி மாதிரி ஒலிக்காமலிருக்க உள்ளே காய்ந்த மணலை நிரப்புங்கள். கடல் மணல் மட்டும் வேண்டாம், உப்பில் குழாய் உள்ளேயிருந்து துருப்பிடிக்கும். வீடு கட்டும் இடத்தில் கேட்டால் ஒரு வாளி மணல் சும்மாவே கொடுப்பார்கள். மொட்டைமாடியில் இரண்டு நாள் காயவைத்துப் போடுங்கள்.