மைன்கிராஃப்டில் கன அளவைப் புரியவைக்க ஒரு வழி

உங்கள் பிள்ளை மைன்கிராஃப்ட் விளையாடுபவர் என்றால், கன அளவுப் பாடத்துக்கு அந்த விளையாட்டையே பயன்படுத்திக்கொள்ளலாம். அதில் ஒவ்வொரு கட்டையும் 1 மீட்டர் பக்கமுள்ள கனசதுரம்; கையிருப்பின் ஒரு கட்டத்தில் 64 மண்கட்டைகள் வரை அடங்கும். கட்டைகள் செலவாகும் சர்வைவல் முறையில், பக்கத்துக்கு 4 கட்டைகள் வீதம், உள்ளே வெற்றிடமில்லாத ஒரு கனசதுரத்தைக் கட்டச் சொன்னால், நிறைந்திருந்த ஒரு கட்டம் மிச்சமின்றிக் காலியாவதைப் பிள்ளை தானே காண்பார். (கடின அளவை 'பீஸ்ஃபுல்' என்று மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் இரவில் அரக்கர்கள் வந்து பாடத்தைக் கலைத்துவிடும்.)

அடுத்து, பக்கம் 8 ஆனால் எத்தனை கட்டைகள் வேண்டும் என்று கேட்டு, கட்டத் தொடங்கும் முன்பே விடையைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பக்கம் இருமடங்கானால் கட்டைகளும் இருமடங்காகும் என்று எண்ணி 128 என்று எழுதுவது இயல்பு. ஆனால் தேவைப்படுவதோ 512, அதாவது எட்டு முழுக் கட்டங்கள். என் கணிப்பில், இப்படி முன்கூட்டியே எழுதவைப்பதுதான் இதில் முக்கியம். அது இல்லாவிட்டால் வெறும் கட்டுமான வேலையாகவே முடிந்துவிடும்.

ஆயத்தொலைவுகளையும் இதே முறையில் கற்பிக்கலாம். கணினியின் ஜாவா பதிப்பில் எஃப்3 விசையை அழுத்தினால் நிற்கும் இடத்தின் எக்ஸ், ஒய், இசட் மதிப்புகள் தெரியும். இங்கே உயரத்தைக் குறிப்பது ஒய். முப்பரிமாண வடிவியல் பாடங்களில் பெரும்பாலும் இசட் என்பதால், இந்த வேறுபாட்டை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.