என் முகவரியிலிருந்தே எனக்கு வந்த மிரட்டல் மடல்: சோதித்துப் பார்க்கும் வழி

மாரி மழைக்குள், கல்லடியில் கரண்ட் போய்ப் போய் வந்த ஓர் இரவு, எனக்கொரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் இடத்தில் என் முகவரியே இருந்தது. உள்ளே நான் முன்பு பாவித்த கடவுச்சொல். "உன் கணக்கு என் கையில், பிட்காயினில் காசு அனுப்பு" என்று மிரட்டல். விடியும்வரை நித்திரையில்லை. இப்படி வந்து பதறுகிறவர்களுக்காகவே எழுதுகிறேன்.

தபால் உறையின் பின்பக்கம் அனுப்புநர் என்று யார் பெயரையும் எழுதலாம். மின்னஞ்சலும் அப்படித்தான். 1982இல் மின்னஞ்சல் அனுப்பும் எஸ்எம்டிபி நெறிமுறை வந்தபோது அனுப்புநரைச் சரிபார்க்க அதில் வழி வைக்கவில்லை. அனுப்புநரைச் சரிபார்க்கும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற சோதனைகள் பிறகு வந்தவை.

படி 1: லிங்க், இணைத்த கோப்பு, 'அன்சப்ஸ்கிரைப்' எதையும் தொடாதீர்கள். முன்பின் தெரியாத மடலில் அன்சப்ஸ்கிரைப் அழுத்தினால், இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும்.

படி 2: ஜிமெயிலைக் கணினி பிரவுசரில் திறந்து, மடலின் வலப்பக்கத்து மூன்று புள்ளிகளை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' எடுங்கள். போன் செயலியில் இது இல்லை. அரைமணித்தியாலம் அதிலேயே தேடிக் களைத்தேன்.

படி 3: மேலே வரும் பெட்டியில் மூன்று சோதனைகளின் முடிவும் இருக்கும். என் மடலில் டிமார்க் 'ஃபெயில்'. என் கணக்கிலிருந்து அது போகவேயில்லை. அனுப்பிய மடல்களின் பட்டியலையும், கூகிள் கணக்கில் நுழைந்திருந்த சாதனங்களையும் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

ஆனால் அடுத்த கிழமை வழுக்கினேன். "உங்கள் பொதி காத்திருக்கிறது, கட்டணம் செலுத்துங்கள்" என்று ஒரு மடல். எஸ்பிஎஃப் 'பாஸ்' என்றிருந்ததால் நம்பி லிங்க் வரை போய்விட்டேன். எஸ்பிஎஃப் பார்ப்பது, சேராத மடல் திரும்பிப் போகவேண்டிய முகவரியைச் சொல்லும் 'ரிட்டர்ன் பாத்' வரியிலுள்ள டொமைனை, அதாவது 'அட்' குறிக்குப் பின்னால் வரும் பகுதியை. நம் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் முகவரியை அல்ல. இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது டிமார்க்தான். அதுவும் பாஸ் என்றால்? மோசடிக்காரன் சொந்தமாக ஒரு டொமைன் வாங்கியிருந்தால் மூன்றும் பாஸாகும். ஆகவே 'அட்' குறிக்குப் பின்னால் உள்ளதை எழுத்தெழுத்தாக, கடைசியிலிருந்து வாசியுங்கள். நிறுவனத்தின் பெயர் முன்னால் கிடந்தால் போதாது. டொட் கொம், டொட் எல்கே என்பதற்குச் சற்று முன்னால் நிற்கும் சொல்தான் பெரும்பாலும் உரிமையாளரைக் காட்டும்.

படி 4: 'ரிப்போர்ட் ஸ்பாம்' அழுத்துங்கள். கடவுச்சொல்லை அது பாவிக்கப்பட்ட எல்லா இடத்திலும் மாற்றி, இருபடிச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு சோதனையும் கேட்பது) போடுங்கள். எங்கிருந்து கசிந்தது என்று பார்க்க, கணினிப் பாதுகாப்பு நிபுணர் ட்ரோய் ஹன்ட் 2013இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளம் நல்லது. மடலின் தலைப்பகுதியை ('ஷோ ஒரிஜினல்' காட்டும் அனுப்பல் விபரங்களை) பிரித்துக் காட்டும் வேறு தளங்கள் நிறைய உண்டு. தெரியாத தளத்தில் என் மடலை ஒட்ட எனக்கு விருப்பமில்லை. ஜிமெயில் காட்டும் பெட்டியே போதும்.

பிறகு சேர்த்தது: காத்தான்குடியிலிருந்து ஒருவர், யாரோ ஒருவருடைய ஹோட்டல் பதிவுகள் தனக்கு வருவதாகக் கேட்டிருந்தார். ஜிமெயில் முகவரியிலுள்ள புள்ளிகளைக் கூகிள் கணக்கெடுப்பதில்லை, புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே பெட்டிக்குத்தான் வரும்; பெயர் ஒத்த ஒருவர் தன் முகவரியைப் பிழையாகக் கொடுத்திருக்கலாம். அது ஸ்பாம் அல்ல, ஆனாலும் அதிலுள்ள லிங்கை அழுத்த வேண்டாம்.

கல்முனையிலிருந்து எழுதிய ஒரு சகோதரி, மோசடி மடலை நம்பி வங்கி அட்டை விபரத்தையே கொடுத்துவிட்டாராம். தங்கச்சி, மடலை ஆராய்வது பிறகு. முதலில் வங்கிக்கு அழைத்து அட்டையை நிறுத்துங்கள். அடுத்து 101க்கு அழையுங்கள், அது கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் இலக்கம். மடலை மட்டும் அழித்துவிடாதீர்கள், முறைப்பாட்டுக்குத் தேவைப்படும். ஸ்பாம் பெட்டியில் கிடந்தால் 30 நாளில் தானாக அழிந்துவிடும், அதற்குள் பிரதி எடுத்து வையுங்கள்.