ஃப்ளோரன்ஸ் போறீங்களா? திங்கட்கிழமையைத் தவிருங்க

குடும்பத்தோடு இத்தாலியில இருக்கிற ஃப்ளோரன்ஸ் போறவங்க முதல்ல கிழமையைப் பாருங்க. உஃபிஸி, அக்காடெமியா ரெண்டு அருங்காட்சியகத்துக்கும் திங்கள் விடுமுறை. 18 வயசுக்குக் கீழே நுழைவு இலவசம். பிள்ளைகளோட பாஸ்போர்ட் கையில இருக்கட்டும். ஆன்லைன்ல நேரம் குறிச்சு டிக்கெட் எடுத்துடுங்க, சீசன்ல வரிசை ரொம்ப நீளம்.

ஒரே நாள்ல ரெண்டையும் திணிக்காதீங்க, சின்னவங்க சோர்ந்துடுவாங்க. அவங்களுக்கு அக்காடெமியாதான் பிடிக்கும். அங்கே மைக்கேலாஞ்சலோவோட டேவிட் சிலை, 5 மீட்டருக்கு மேல உயரம். சிலையோட வலது கைப் பக்கம் நின்னு அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்க. புறங்கையில புடைச்ச நரம்பு பளிங்குல அப்படியே தெரியும். வழியில இருக்கிற முடிக்காத அடிமைச் சிலைகள்ல உளித் தடத்தையும் காட்டுங்க. எனக்கு டேவிட்டை விட அதுதான் பிடிச்சது!

சாப்பாட்டுக்கு மெர்காத்தோ சென்த்ராலே சந்தையோட மாடிக்குப் போங்க. ஆளுக்கொரு கடையில வாங்கி ஒரே மேசையில உட்காரலாம். லாம்ப்ரெதோத்தோன்னா மாட்டு இரைப்பை, சைவக்காரங்க கவனம். தக்காளியும் ரொட்டியும் குழைய வெந்த பாப்பா அல் பொமொதோரோ கிடைச்சா விடாதீங்க. இறைச்சிச் சாறு சேர்த்திருக்காங்களான்னு மட்டும் கேட்டுக்கோங்க.

தோல் பை வாங்கினா, ஒரே பில் 70 யூரோவைத் தாண்டுதான்னு பாருங்க. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிக்கிறவங்களுக்கு வரியில ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். கடையிலேயே படிவம் வாங்கிடுங்க. விமான நிலையத்துல கஸ்டம்ஸ் முடியுற வரைக்கும் அந்தப் பையைப் பெட்டிக்குள்ள போட்டு அனுப்பிடாதீங்க.