வங்கி பெயரில் வரும் போலி மெயிலைக் கண்டுபிடிப்பது எப்படி?

"உங்கள் கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) காலாவதியாகிவிட்டது. இன்று இரவுக்குள் புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடக்கப்படும்." இப்படி ஒரு மெயில் வந்தால் யாருக்கும் பதறத்தான் செய்யும். சம்பளமோ பென்ஷனோ வருவது அந்தக் கணக்கில்தானே! அந்தப் பதற்றத்தை நம்பித்தான் இதை அனுப்புகிறார்கள்.

எழுத்துப்பிழை இருந்தால் போலி என்று முன்பெல்லாம் சொல்வார்கள். இப்போது அது உதவாது. லோகோ, நிறம், நடை எல்லாமே அச்சு அசலாக இருக்கும். முகவரியைப் படிக்கத்தான் பழக வேண்டும்.

படி 1: அனுப்பியவர் யார்?

ஜிமெயில் ஆப்பில் முதலில் தெரிவது ஒரு பெயர் மட்டுமே. 'எஸ்பிஐ அலர்ட்' என்று யார் வேண்டுமானாலும் பெயர் வைத்துக்கொள்ளலாம். பெயருக்குக் கீழே உள்ள சின்ன அம்புக்குறியைத் தொட்டால் முழு முகவரியும் விரியும். வங்கிக்குச் சம்பந்தமே இல்லாத முகவரி என்றால் அதோடு விட்டுவிடலாம். முகவரி சரியாகத் தெரிந்தாலும் முழுதாக நம்ப வேண்டாம், அதையும் போலியாகக் காட்ட முடியும்.

படி 2: லிங்க் எங்கே போகிறது?

இதுதான் முக்கியம், நிதானமாகப் பாருங்கள். போனில் லிங்க்கைத் தட்டாமல் விரலால் அழுத்திப் பிடித்தால் உண்மையான முகவரி தெரியும். கம்ப்யூட்டர் என்றால் மவுஸை மேலே கொண்டுபோனாலே போதும். எச்டிடிபிஎஸ் என்பதை அடுத்து வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டில் நின்று, அங்கிருந்து வலமிருந்து இடமாகப் படியுங்கள்.

இந்திய வங்கிகள் தங்கள் இணையதளங்களை 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வங்கிகளுக்கு மட்டுமே அந்த முகவரி கிடைக்கும். எனவே 'எஸ்பிஐ டாட் பேங்க் டாட் இன்' என்று முடிந்தால் அது வங்கியுடையது. 'எஸ்பிஐ டாட் பேங்க் டாட் இன் டாட் வேறேதோ டாட் காம்' என்று நீண்டால், அந்தத் தளம் 'வேறேதோ' ஆளுடையது. முன்னால் இருப்பதெல்லாம் வெறும் ஒட்டு.

பூட்டுச் சின்னத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். போலித் தளத்துக்கும் அது சுலபமாகக் கிடைக்கும்.

படி 3: என்ன கேட்கிறார்கள்?

ஓடிபி, பின், சிவிவி (கார்டில் உள்ள ரகசிய எண்), பாஸ்வேர்ட் இவற்றை எந்த வங்கியும் மெயிலில் கேட்காது. இணைப்பாக ஏபிகே ஃபைல் (போனில் ஆப்பை நிறுவும் ஃபைல்) வந்தால் தொடவே தொடாதீர்கள்.

படி 4: இன்னும் சந்தேகமா?

மெயிலை மூடிவிட்டு, வங்கியின் ஆப்பை நீங்களே திறந்து பாருங்கள். கார்டின் பின்புறம் உள்ள எண்ணுக்கும் கூப்பிடலாம். மெயிலில் இருக்கும் எண் வேண்டவே வேண்டாம்.

ஏற்கெனவே விவரம் கொடுத்துவிட்டீர்களா?

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே வங்கியை அழைத்துக் கார்டையும் நெட்பேங்கிங்கையும் முடக்கச் சொல்லுங்கள். அப்புறம் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுங்கள். ரிசர்வ் வங்கி 2017-ல் வெளியிட்ட அறிவிப்பு சொன்னது இது: நாமே விவரத்தைக் கொடுத்திருந்தால் வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஆகும் இழப்பு நம்முடையது. தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு என்றும் அது சொன்னது.