மாஸ்டர் ஆட்டங்களில் தவறு தொடங்கிய இடத்தைத் தேடுவது எப்படி

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை முதல் வேலந்தாவளம் வரையுள்ள ஊர்களில், வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசி வளரும் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாகச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். மாஸ்டர்களின் ஆட்டங்களை ஆராயத் தொடங்கும்போது, இங்கே முதலில் தீர்க்கவேண்டிய சிக்கல் காய்களின் பெயர்தான். மூலையில் நிற்கும் காயை, அதாவது ரூக்கை, தமிழில் யானை என்கிறோம். மலையாளத்தில் ஆன என்றால் அது குறுக்காகச் செல்லும் பிஷப். நமக்கு மந்திரி என்பது பிஷப். அவர்களுக்கு மந்திரி என்பது ராணி. 'யானையை மாற்றிக்கொண்டது தவறு' என்று ஒரு மாணவி எழுதிய குறிப்பை அவளுடைய தோழி வேறு காயாகப் படித்துக்கொள்ள, இருவரும் அரைமணி நேரம் வெவ்வேறு காய்களை மனத்தில் வைத்து வாதாடியதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே ராஜா, ராணி, ரூக், பிஷப், குதிரை, சிப்பாய் என்ற பெயர்களைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நீண்ட நேர ஆட்டமாகவும், வெற்றி தோல்வி தெரிந்ததாகவும், 35 முதல் 60 நகர்வுகளுக்குள் முடிந்ததாகவும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சில நிமிடங்களில் முடியும் பிளிட்ஸ் ஆட்டங்களில் கடிகாரம் செய்த தவறையும் சிந்தனை செய்த தவறையும் பிரித்தறிவது கடினம் என்பதால், தொடக்கத்தில் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. பிறகு உண்மையான பலகையில் காய்களை அடுக்கி, வரும் நகர்வுகளை ஓர் அட்டையால் மறைத்து, ஒவ்வொன்றையும் நீங்களே ஊகித்தபின் அட்டையைக் கீழே நகர்த்துங்கள். எஞ்சினை, அதாவது ஒவ்வொரு நிலையையும் ஓர் எண்ணால் மதிப்பிடும் சதுரங்கக் கணினி நிரலை, இப்போது திறக்கவே கூடாது. நான் ஒரு காலத்தில் எஞ்சினோடுதான் தொடங்கினேன். அதன் விளைவாக என் மாணவர்களுக்கு எந்த நகர்வில் எண் எவ்வளவு இறங்கியது என்று சொல்லத் தெரிந்ததே தவிர, ஏன் இறங்கியது என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

முதல் சுற்றில் தேடவேண்டியது திரும்பப் பெற முடியாத முடிவுகளை. சிப்பாய் பின்னால் வராது. மாற்றிக்கொண்ட காய் பலகைக்குத் திரும்பாது. ராஜா ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டால் அதன்பின் திட்டமெல்லாம் அதையொட்டியே அமையும். இந்த மூன்று வகை நகர்வுகளுக்கும் பக்கத்தில் ஒரு கோடிட்டு வைத்தால், நாற்பது நகர்வு ஆட்டத்தில் ஏழெட்டு இடங்கள்தான் மிஞ்சும், அவற்றை மட்டும் நிதானமாகப் பார்த்தால் போதும்.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்கொள்வது, 1938இல் நெதர்லாந்தில் நடந்த ஆவ்ரோ போட்டியில் போட்வின்னிக் வெள்ளைக் காய்களுடன் காபாபிளாங்காவை வென்ற ஆட்டம். 30ஆம் நகர்வில் வெள்ளை தன் பிஷப்பை ஏ3 கட்டத்தில் (எழுத்து நெடுவரிசையையும் எண் குறுக்கு வரிசையையும் குறிக்கும்) வைத்துப் பலி கொடுத்ததும், அடுத்த நகர்வில் குதிரையையும் ஹெச்5இல் பலி கொடுத்ததும் புகழ்பெற்றவை. பெரும்பாலோர் அந்த இரண்டு நகர்வுகளை வியந்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். ஆனால் ஆராய்ச்சி அங்கிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும். 14ஆம் நகர்வில் வெள்ளையின் ராணி டி3க்கு வந்து, ஏ6இல் காவலின்றி நின்ற கறுப்புக் குதிரையைத் தாக்குகிறது. காபாபிளாங்கா சி5இல் இருந்த சிப்பாயை சி4க்குத் தள்ளி, குதிரையைக் காத்து, ராணியையும் விரட்டுகிறார். பார்ப்பதற்குச் சிக்கனமான நகர்வு. ஆனால் அதுவரை வெள்ளையின் டி4 சிப்பாயை அழுத்திக்கொண்டிருந்தது அந்த சி5 சிப்பாய்தான். அழுத்தம் நீங்கியதும் வெள்ளை எஃப்3, ஈ4 என்று மையத்தில் முன்னேறத் தடையில்லாமல் போயிற்று.

கறுப்பின் திட்டம் இன்னொரு பக்கம் இருந்தது. குதிரை பி8, சி6, ஏ5, பி3 என்று நான்கு நகர்வுகள் நடந்து, ஏ4 சிப்பாயைக் குறிவைத்தது. போட்வின்னிக்கோ ஏ4ஐக் காத்துக்கொண்டிருந்த ரூக்கையே 16ஆம் நகர்வில் ஈ1க்கு எடுத்துவிட்டார். குதிரை பி3இல் வந்து நின்றதும் சி2இல் இருந்த ராணியின் காவலும் அறுந்தது. 19ஆம் நகர்வில் கறுப்பு அந்தச் சிப்பாயை வெட்டியது. ஒரு சிப்பாய் கிடைத்தது உண்மை. ஆனால் 18ஆம் நகர்வில் பி3க்குப் போன குதிரை, 41ஆம் நகர்வில் காபாபிளாங்கா தோல்வியை ஒப்புக்கொள்ளும்வரை அதே கட்டத்தில்தான் நின்றது. தன் ராஜாவைச் சுற்றி எல்லாம் இடிந்துகொண்டிருந்தபோது அந்தக் குதிரை ஒரு நகர்வுகூட உதவிக்கு வரவில்லை என்பதை மாணவர்களே விரல் வைத்துக் காட்டும்போது, திட்டத்தின் தவறு என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை.

கோடிட்ட ஒவ்வொரு இடத்திலும் முழு வாக்கியங்களில் எழுதிவையுங்கள்: ஆடியவர் இதனால் என்ன எதிர்பார்த்தார், எதைக் கைவிட்டார், வேறு என்ன ஆடியிருக்கலாம். மேற்சொன்ன இடத்தில், சி4க்குப் பதிலாக ராணியை பி7இல் வைத்துக் குதிரையைக் காத்து, மைய அழுத்தத்தை விடாமல் இருந்திருக்கலாம் என்பது ஒரு நல்ல மாற்று. 'நல்ல நகர்வு', 'மோசமான நகர்வு' என்ற சொற்களை என் வகுப்பில் நான் அனுமதிப்பதில்லை, ஏனெனில் அவற்றை எழுதிய கணத்திலேயே மனம் தேடுவதை நிறுத்திவிடுகிறது.

தவறுகளில் வேறொரு வகையும் உண்டு. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் 14ஆவது ஆட்டத்தில், இருவரும் 6.5 புள்ளிகளில் சமமாக இருந்த நிலையில், வெள்ளைக் காய்களுடன் ஆடிய டிங் லிரென் 55ஆம் நகர்வில் ரூக்கை எஃப்2இல் வைத்தார். குகேஷ் ரூக்கை மாற்றி, பிஷப்பை டி5இல் நிறுத்தினார். ஏ8 மூலையில் இருந்த வெள்ளை பிஷப்பால் மாற்றத்தைத் தவிர்க்க முடியவில்லை. ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டுமே மிஞ்சிய எண்ட்கேமில், அதாவது ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில், டிங்குக்கு வழியில்லை. இது ஒரே நகர்வின் தவறு, எஞ்சின் உடனே கத்தும். ஆனாலும் குறிப்பேட்டில் இரண்டு வரிகள் வர வேண்டும்: ஒன்று 55ஆம் நகர்வுக்கு, மற்றொன்று, ஒரு சிப்பாய் குறைந்தாலும் டிரா செய்துவிடலாம் என்று காய்களை மாற்றிக்கொண்டே அந்த எண்ட்கேமுக்குள் வந்த முந்தைய முடிவுக்கு. டிரா என்று தெரிந்த நிலையிலும் அழுத்திக்கொண்டே இருந்தது குகேஷின் முடிவு, அதையும் தனியே எழுதுங்கள்.

எஞ்சினைத் திறப்பது இதற்கெல்லாம் பிறகுதான். நீங்கள் கோடிட்ட இடத்தில் அதன் எண் துள்ளாமலே போகலாம். திட்டத் தவறுகள் பல நகர்வுகளில் சிறிது சிறிதாகவே கசியும். ஆகவே ஒரு நகர்வின் எண்ணைப் பார்க்காமல், ஐந்து நகர்வுகளுக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒப்பிடுங்கள். உங்கள் குறிப்பும் எஞ்சினும் முரண்பட்டால் குறிப்பை அடிக்காதீர்கள். கீழே வேறு மையில் எஞ்சின் காட்டும் நகர்வு வரிசையை எழுதுங்கள்.

கடைசியாக, அந்த 14ஆம் நகர்வு நிலையைப் பலகையில் வைத்து, ஆளுக்கு அரைமணி நேரம் கடிகாரம் வைத்து இருவர் ஆடிப் பார்க்க வேண்டும். சென்ற மாதம் கறுப்பை ஏற்ற மாணவர் ராணியை பி7இல் வைத்து, வெள்ளையின் ஈ4ஐ 20ஆம் நகர்வு வரை வரவிடாமல் தடுத்தார். 21இல் பொறுமையிழந்து அதே சி4ஐத் தள்ளினார். இப்போது எங்கள் குறிப்பேட்டில் கோடிடப்பட்டிருப்பது அவருடைய அந்த 21ஆவது நகர்வு.